தாலுகா ஆபீசுக்குப் போன நாற்காலி

1971ஆம் வருடம் ஜூன் மாதம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறதல்லவா, அதன் கரையை ஒட்டி இருந்த இருபது குடிசைகளில் ஒன்று எங்களுடையது. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நான் பாஸ். வெறும் பாஸ் இல்லை, எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களில் நான்தான் முதல். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்தவர்கள் யாரும் இல்லை.

அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் முன்பு வயல் வேலைதான் செய்தார். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்த பிறகு, அங்கே இரும்பு உருக்கி வார்க்கும் ஓர் ஆலையில் காண்டிராக்ட் கூலியாகச் சேர்ந்து, அச்சுக்குப் போடும் கறுப்பு மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன நாளுக்குக் கூலி. சேர்ந்தாற்போல இரண்டு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

பட்டணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. படிக்க எனக்கு இடம் கிடைத்துவிட்டது. படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு இரண்டையும் அரசாங்க உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றிதழ் வேண்டும். ஜூன் முடிவதற்குள் அதைக் கொடுக்காவிட்டால் என் இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பெண்ணுக்குப் போய்விடும். கல்லூரி ஆபீசில் இதை என்னிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள்.

அதாவது, நாங்கள் ஏழைகள் என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். இதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா? எங்கள் வீட்டை வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். அந்த ஒரு பார்வையைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கெடுத்தோம்.

மனு கொடுத்து ஒரு வாரம் ஆனதும் கிராமத் தலையாரி வந்து வாசலில் நின்றார். "நாளைக்குக் காலைல ஆர்.ஐ. ஐயா உங்க ஊட்டாண்ட வராரு. விசாரணை கீது. யாரும் எங்கியும் பூடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்.ஐ. என்றால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவர் நேரில் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் தாசில்தார் கையெழுத்துப் போடுவார்.

அம்மாவுக்கு இது விசாரணையாகவே படவில்லை. ஓர் ஆபீசர் நம் வீட்டுக்கு வருகிறார், அவ்வளவுதான். அதுவரை எந்த ஆபீசரும் எங்கள் குடிசைகளுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அவர்கள் சாலையில் நின்று கூப்பிடுவார்கள், நாங்கள் எழுந்து போவோம்.

"அய்ய, ஊட்டுக்குள்ளயே வராராமே! அவர எங்க குந்த வெக்கிறது? தரையிலயா?" என்று அம்மா கேட்டாள். அவள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது. அது போதும்.

எங்கள் குடிசை வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும், வரிசையில் உள்ள நல்ல சாமான்கள் எல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். யாரும் கேட்க வேண்டாம், யாரும் நன்றி சொல்லவும் வேண்டாம். வந்தவர்கள் போனதும் சாமான்களும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஒரு வீட்டு மானம் இருபது வீட்டுக்கும் மானம்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு அக்கா தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவக் குடியிருப்பில் தோட்டக்காரர் வேலை. எங்கள் வரிசையிலேயே மாதச் சம்பளம் வரும் வீடு அதுதான். எதிர்வீட்டுப் பெரியம்மா வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர், ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடம் வேலை செய்ததற்காக அவருக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தைப் புடவையில் சுற்றிக் குழந்தையைப் போல எடுத்து வந்தார். அதன் அடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் அவர் பெயர் வெட்டியிருக்கும். சாலையோரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் தன் இரும்பு மடக்கு நாற்காலியைக் கொடுத்தார். சாய்கிற பலகையின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்டில் கடையின் பெயர் எழுதியிருந்தது.

"ஆபீசரு உள்ள வந்தா, பள்ளிக்கூடத்துல பஸ்ட்டு வந்த பொண்ணு ஊடு இதான்னு பளிச்சினு தெரியணும்மே" என்றாள் ரேடியோ அக்கா.

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த ஆபீசர் எதற்காக வருகிறார் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மற்றவர்களைச் சொல்லிப் பயன் இல்லை. மனுவை நிரப்பியவள் நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வரிசையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் கடிகாரத்தை மாட்டுவதற்கு மூங்கிலில் ஆணி அடித்தது நானேதான். காகிதத்தில் ஏழை என்று எழுதுவது ஒன்று. ஒருவர் நேரில் வந்து நின்று கூரை ஓட்டையை அண்ணாந்து பார்ப்பது வேறொன்று. அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

இன்னொரு காரியமும் செய்திருந்தேன். மனுவில் நைனா கைநாட்டு வைத்திருந்தார். அந்த நீல ரேகையைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை. என் பழைய சிலேட்டைத் தேடி எடுத்து, அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஐந்தே எழுத்து. அந்த வாரம் முழுவதும் ஆலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார். அவர் பிடித்த பிடியில் பலப்பம் ஒடிந்துகொண்டே இருந்தது. "கடப்பாறையக் குடும்மா, எழுதிக் காட்றேன். இது இன்னா, கைல நிக்கவே மாட்டுது" என்பார். ஆனால் விடவில்லை. ஆறாவது நாள் ஐந்து எழுத்தும் வரிசையாக வந்தன. கடைசி எழுத்து மட்டும் எப்போதும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும்.

மறுநாள் பத்து மணிக்கு ஆர்.ஐ. வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் குடை, தோளில் காக்கிப் பை. ஏரிக்கரை வெயிலில் நடந்து வந்து சட்டை நனைந்திருந்தது. முன்பக்கத்து எழுத்து தெரியாமல் ஒரு துண்டைப் போட்டு நாற்காலியை விரித்தோம். அவர் சாய்ந்து உட்கார்ந்தார். பின்பக்கத்து எழுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடிகாரத்துக்கு அம்மா பூச்சரம் சுற்றியிருந்தாள். பெரியம்மாவின் பெயர்த் தகடு பூவுக்குள் போய்விட்டது. எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பாரோ மாட்டாரோ என்ற கூச்சத்தில் கடையிலிருந்து கோலி சோடா வாங்கி வைத்திருந்தோம். அதைக் குடித்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு நின்ற நைனா, ரேடியோ அக்கா வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக இருந்தார். அசைந்தால் சட்டைக்கு வலிக்கும் என்பது போல.

ஆர்.ஐ. பேச்சுவாக்கில் நாலைந்து கேள்விகள் கேட்டார். நிலம் உண்டா, மாடு உண்டா. நைனா இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். சோடா பாட்டிலை வைப்பதற்கு அம்மா பின்பக்கம் போயிருந்த நேரத்தில், அவர் ரேடியோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரேடியோ உங்களுதாம்மா?"

"ஆமாம் சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று நூறு தடவை யோசித்திருக்கிறேன். நைனா வாயிலிருந்து வந்த அத்தனை 'இல்லை'களைக் கேட்டுக்கொண்டிருந்ததில், ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அவ்வளவுதான் காரணம். நைனா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆர்.ஐ. ஒரு தாளை நீட்டினார். நைனா அதைச் சுவரில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஐந்து எழுத்தையும் போட்டு முடித்தார். ஆர்.ஐ. பொறுமையாகக் காத்திருந்தார். "பரவாயில்லையே, கையெழுத்துப் போடறீங்களே" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். எங்களுக்கு எல்லாமே கிடைத்துவிட்டது போல இருந்தது. சாமான்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின.

சான்றிதழ் வாங்கப் பூந்தமல்லி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, தாலுகா ஆபீசுக்கு நான் தனியாகப் போனேன். குமாஸ்தா கட்டிலிருந்து என் மனுவை உருவித் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று வரிகள். வீட்டில் ரேடியோ, சுவர்க் கடிகாரம் முதலிய வசதிகள் உள்ளன. தகப்பனார் எழுத்தறிவு உள்ளவர். பரிந்துரைக்க இயலவில்லை.

தகப்பனார் எழுத்தறிவு உள்ளவர். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி அரசாங்கத் தாளில் எழுதப்பட்ட முதல் பெருமையான வாக்கியம் அது. அதுதான் என் படிப்பின் மேல் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தது.

ஜூன் முடிய நான்கு நாட்கள் இருந்தன.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சாமி வந்தவள் போல ஆடினாள். "இன்னாது, வசதியா? கூர ஓட்டை அவரு கண்ணுக்குத் தெரியலியா? சோடா குடிக்கத் தெரிஞ்சுதே, இது தெரியலியா?" என்று கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எல்லோரும் ஆர்.ஐ.யைத் திட்டினார்கள். நைனா மட்டும் பேசவில்லை. அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதும் கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவர் மேல தப்பு இல்லம்மா. ரேடியோ நம்மளுதான்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்டேன்."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். "இல்லாதத கீதுன்னு சொன்னா, கீறதும் பூடும்டி கண்ணு" என்றாள்.

அழ ஆரம்பித்தது நான் இல்லை, ரேடியோ அக்கா. "என் ரேடியோவாலயா உன் படிப்பு போச்சு?" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளுக்கே கோபம் வந்தது. "அதெப்டி போவும்? நாளைக்கே இத தூக்கிகினு போயி அந்தப் பெரிய ஆபீசர் மேசை மேலயே வெக்கிறேன். யார்து இது, நல்லா கேட்டுக்கன்னு சொல்றேன். லைசென்சு என் ஊட்டுக்காரர் பேர்ல கீது."

அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி, ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அந்தப் புத்தகத்தை அவள் ஓடிப்போய் எடுத்து வந்து காட்டினாள். பெரியம்மா கடிகாரத்தின் பித்தளைத் தகட்டைத் தடவிப் பார்த்தார். "எம்பேரு இதுல வெட்டிக்கீதுல்ல. அப்ப நானும் வரேன்" என்றார். சைக்கிள் கடைக்காரரிடம் அம்மா போய் நின்றதும், "தூக்கிகினு போ தங்கச்சி. ஒருநாள் நின்னுகினு பஞ்சர் ஒட்டினா நான் இன்னா தேஞ்சா பூடுவேன்?" என்று நாற்காலியை மடக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான்கு பெண்கள் பஸ்ஸுக்கு நின்றோம். அக்காவின் தோளில் ரேடியோ, பெரியம்மாவின் மடியில் கடிகாரம், அம்மாவின் கையில் ஒரு தூக்குச்சட்டியில் கூழ், என் தலையில் நாற்காலி. நைனா ஏற்கெனவே ஒருநாள் வேலையை விட்டிருந்தார். இன்னொரு நாள் விட முடியாது.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, ஊட்டக் காலி பண்ணிகினு போறீங்களா?"

"ஆமாண்ணே, ஊட்டுக்காரன் கோச்சிகினான்" என்றாள் அக்கா.

"நாற்காலிக்கு லக்கேஜ் போடணும்."

"மடக்கித்தானே வெச்சிக்கீறோம். ஒரு ஆளு குந்துற எடத்தயா அடைக்கிது?"

"அப்ப விரிச்சிப் போடு, நான் குந்திக்கிறேன். காலைலேர்ந்து நின்னுகினே கீறேன்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் கடிகாரம் டங் டங் என்று அடித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படித்த பெண், இந்த ஊர்வலத்தோடு ஆபீசுக்குள் எப்படிப் போவது என்று உடம்பு கூசியது. நாற்காலியை எங்காவது போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் பியூன் எங்களை மறித்தார். "ஜப்தி சாமானா? பின்பக்கம் கொண்டு போங்க" என்றார்.

"ஜப்தியும் இல்ல, கிப்தியும் இல்ல. தாசில்தார் ஐயாவாண்ட காட்டணும்" என்றாள் அம்மா. அவர் மறுத்தார், அம்மா குரலை உயர்த்தினாள், அக்கா அதைவிட உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்துக் கடிகாரமும் அடித்தது. உள்ளேயிருந்து தாசில்தாரே எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்டு, எங்களை உள்ளே வரச் சொன்னார்.

அக்கா சொன்னபடியே செய்தாள். ரேடியோவை அவர் மேசை மேல் வைத்து, லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்தாள். "சார், இது என்னுது. இந்தப் பொண்ணு ஊட்டுது இல்ல. பேர் படிச்சிப் பாருங்க." பெரியம்மா கடிகாரத்தைத் திருப்பித் தகட்டைக் காட்டினார். நான் நாற்காலியை விரித்து, கடைப் பெயர் தெரியும்படி நிறுத்தினேன். தாசில்தார் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஆர்.ஐ.யைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்தார். சாமான்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிறுத்துப்போனது.

"நான் பார்த்ததைத்தான் சார் எழுதினேன். கேட்டுட்டுத்தான் எழுதினேன்" என்றார்.

எல்லோரும் பேச வாயெடுத்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "சார் கேட்டது உண்மை. ரேடியோ எங்களுதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அடுத்த மேசைக் குமாஸ்தாக்கள்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று தாசில்தார் கேட்டார்.

நல்ல பதிலாக ஒன்று சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். வாயில் வந்தது மூன்றே வார்த்தைகள். "வெட்கமா இருந்தது சார்" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஊட்டுக்கு ஒரு ஆபீசர் மொத மொதல்ல வராரு சார்" என்றாள் அம்மா. "அவர தரையில குந்த வெக்க மனசு வரல. எல்லாரும் சேந்து மரியாத பண்ணோம். அதுல இப்டி ஒண்ணு கீதுன்னு எங்களுக்குத் தெரியல."

ஆர்.ஐ. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல, இருக்கிறதை ஒளிச்சு வெச்சவங்களைத்தான் சார் பார்த்திருக்கேன். இல்லாததைக் கேட்டு வாங்கிக் காட்டினவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். தாசில்தார் சிரித்துவிட்டார். பிறகு என் கையிலிருந்த மனுவை வாங்கி ஆர்.ஐ.யிடம் கொடுத்து, இன்றைக்கே மறுபடி போய்ப் பார்த்து எழுதும்படி சொன்னார். எங்களைப் பார்த்து, "இந்த முறை யாரும் எதையும் அலங்காரம் பண்ணக் கூடாது" என்றார்.

அப்படித்தான் ஆர்.ஐ. எங்களோடு அதே பஸ்ஸில் வந்தார். கூட்டம் நெரித்தது. அவருக்கு உட்கார இடம் கிடைத்தது, பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை. "அதை இப்படிக் குடுங்கம்மா" என்று கடிகாரத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது அவர் மடியிலும் டங் டங் என்று அடித்தது. பூந்தமல்லியிலிருந்து பருத்திப்பட்டு வரைக்கும் அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தார்.

வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பழக்கத்தில் நான் நாற்காலியை விரிக்கப் போனேன். "வேண்டாம், கடைக்கே குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். ஆணி மட்டும் துருத்திக்கொண்டிருந்த மூங்கிலைப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசும் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பார்க்கட்டும் என்று நின்றேன்.

"குடிக்கத் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

அம்மா தயங்கினாள். "சோடா வாங்கியாறட்டுமா சார்? இது எங்க ஊட்டுத் தண்ணி..."

"அதைத்தான் கேட்டேன்."

நசுங்கிய அலுமினியக் குவளையில் பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

அப்போதுதான் நைனா வேலை முடிந்து வந்தார். முகம், கை, கால், எல்லாம் ஆலைக் கறுப்பு மண். கண் மட்டும் வெள்ளை. வாசலில் ஆர்.ஐ.யைப் பார்த்துத் திடுக்கிட்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்றார். "வேணாம், இப்படியே வாங்க" என்றார் ஆர்.ஐ. பழைய மூன்று சிவப்பு வரிகளை அடித்துவிட்டு, கீழே புதிதாக நிறைய எழுதினார். எழுதி முடித்துத் தாளையும் பேனாவையும் நைனாவிடம் நீட்டினார்.

நைனா பேனாவை வாங்கவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார். "இந்த தபா கையெழுத்துப் போடவா, கைநாட்டே வெச்சிடவா சார்? கையெழுத்தால பொண்ணுக்கு எதுனா கெட்டுப் பூடும்னா, எனக்குக் கைநாட்டே போதும்."

ஆறு நாள் பலப்பத்தை ஒடித்து ஒடித்துக் கற்றுக்கொண்ட ஐந்து எழுத்து. அதை என் படிப்புக்காக அந்த நிமிடமே மறந்துவிடத் தயாராக நின்றார். ஆர்.ஐ. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையெழுத்தே போடுங்க. இந்த வீட்டுல நான் அன்னிக்குப் பார்த்ததுல அது ஒண்ணுதான் இரவல் வாங்காதது" என்றார்.

நைனா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து, போட்டார். ஐந்து எழுத்து. கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. தாளின் ஓரத்தில் அவர் கட்டைவிரலின் கறுப்பு மண்ணும் பதிந்துவிட்டது. அதை அழிக்கப் போனேன். "இருக்கட்டும்" என்று ஆர்.ஐ. தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

மறுநாளே சான்றிதழ் வந்தது. கடைசித் தேதிக்கு முதல் நாள் கல்லூரியில் கொடுத்தேன். அந்த உதவித்தொகை எனக்குப் பி.யு.சி. படிப்பைக் கொடுத்தது, ஹாஸ்டலில் மூன்று வேளை சோற்றையும் ஒரு கட்டிலையும் கொடுத்தது, அதன் பிறகு பி.எஸ்சி. வேதியியலையும் கொடுத்தது. வருடா வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். வருடா வருடம் நைனா கையெழுத்துப் போட்டார். என் பழைய தாள்களை அடுக்கிவைத்துப் பார்த்தால், அந்தக் கடைசி எழுத்து வருடத்துக்குக் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே வருவது தெரியும். நான் பட்டம் வாங்கிய வருடம் அது மற்ற நான்கோடு ஒரே கோட்டில் நின்றது.

இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே ஒரு வார்ப்பு ஆலையில், சோதனைக்கூடத்தில் கெமிஸ்டாக இருக்கிறேன். நைனா அள்ளிய அதே மாதிரி மண்ணில் ஈரம் எவ்வளவு, களிமண் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்த மண் அச்சுக்குப் போகும். நைனா இப்போது வேலைக்குப் போவதில்லை.

முதல் சம்பளத்தில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி வாங்கினேன். அதன் முதுகில் எந்தப் பெயரும் இல்லை. வரிசையில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அம்மா அதைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவாள். போன மாதம் பின்வீட்டுப் பெண் வந்து, நாளைக்கு ஆபீசர் வருகிறார் என்று நாற்காலி கேட்டாள். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். "இன்னா ஆபீசரு? ஸ்காலர்ஷிப்புக்கா?" என்று கேட்டாள் அம்மா. ஆமாம் என்றாள் அந்தப் பெண். "அப்ப தரமாட்டேன் போ. பாய விரிச்சிப் போட்டு, பானைத் தண்ணி மொண்டு குடு. உங்க நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? தெரியாதா? அப்ப அந்த சிலேட்ட எடுத்துகினு போ" என்று என் பழைய சிலேட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

அந்தப் பெண் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இல்லாததை இல்லை என்று சொல்லத் தெரிந்த அன்றைக்குத்தான் என்னிடம் இருப்பது எது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது என்று தோன்றியது.